ஒருவர் விழித்திருக்க, ஒருவர் உறங்க

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

சென்ற ஆண்டு மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு மாலை, நாங்கள் நால்வர் ஏற்காடு ஏரியில் மிதிபடகு ஒன்றில் சென்றுகொண்டிருந்தோம். ஏரியின் நடுவை அடைந்த வேளையில், சேர்வராயன் மலைக்கே உரிய மூடுபனி மளமளவென்று இறங்கிவிட்டது. கரை மறைந்தது, மரங்கள் மறைந்தன, எதிரே இருந்த தோழியின் முகமும் மங்கிற்று. எத்திசையில் மிதிப்பது என்று தெரியவில்லை. எங்களுள் ஒருத்தி அழத் தொடங்கினாள். மற்ற மூவரும் அழாமல் இருந்தோமே தவிர, அஞ்சாமல் இல்லை. அப்பொழுது கரையிலிருந்து படகுக்காரர் விசில் ஊதி, “பாப்பா, சத்தம் வர்ற பக்கமாவே மிதிங்கம்மா!” என்று கூவினார். பத்தே நிமிடங்களில் கரை சேர்ந்தோம்.

அன்றிரவு படிப்பு நேரம் முடிந்ததும் இதை விடுதி சிஸ்டரிடம் சொன்னோம். அவர்கள் சிரித்துவிட்டு, “பத்து நிமிடத்திற்கே இந்தப் பாடா? எட்டு மாதம் கடலில் போன இரண்டு பெண்களைப் பற்றித் தேடிப் படியுங்கள். அதையே ஆண்டு மலருக்குக் கட்டுரையாகவும் எழுதுங்கள்” என்றார்கள். அவ்வாறு தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

இரு மங்கையர்

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா ஆகிய இருவரும் நம் இந்தியக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர் பதவி வகிக்கும் அதிகாரிகள். இவர்கள் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டனர். உலகைச் சுற்றி வந்து 2025ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மீண்டும் கோவாவை அடைந்தனர். இடையில் ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில், நியூசிலாந்தின் லிட்டில்டன், பாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நான்கு துறைமுகங்களில் மட்டும் தங்கினர். கடந்த தொலைவு ஏறத்தாழ 25,400 கடல் மைல்.

கடல் மைல் என்பது என்ன? பூமியைச் சுற்றி 360 பாகைகள் உண்டு என்பதை நாம் புவியியல் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கின் தூரமே ஒரு கடல் மைல், அது 1.852 கிலோமீட்டர். 360ஐ 60ஆல் பெருக்கினால் 21,600 கடல் மைல் வரும். உலகைச் சுற்றியவர் என்று பெயர் பெற இந்தத் தொலைவையேனும் கடக்க வேண்டும். நிலநடுக்கோட்டை இருமுறை தாண்ட வேண்டும். சூயஸ், பனாமா போன்ற கால்வாய்களில் குறுக்குவழியாகச் செல்லலாகாது. ரூபாவும் தில்னாவும் சென்ற 25,400 கடல் மைலைக் கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 47,000 ஆகும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 780 முறை ஏறி இறங்கினால் எவ்வளவோ அவ்வளவு!

இவர்களுக்கு முன்னரே, 2017 செப்டம்பர் 10 முதல் 2018 மே 21 வரை, இதே தாரிணியில் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றி வந்தனர். வர்திகா ஜோஷி தலைமையில் பிரதிபா ஜாம்வால், சுவாதி, ஐஸ்வர்யா, விஜயா தேவி, பாயல் குப்தா ஆகியோர் சென்ற அப்பயணம் 254 நாட்கள் நீடித்தது. அறுவர் செய்த வேலையை இருவர் செய்ததுதான் இரண்டாம் பயணத்தின் அருமை.

இன்னும் பின்னே சென்று பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. உலகைச் சுற்றிய முதல் பெண் என்று அறியப்படும் பிரெஞ்சு நாட்டு ஜீன் பாரே, 1766ஆம் ஆண்டு தொடங்கிய பயணத்தில் ஆண் உடை அணிந்து, ஆண் என்று சொல்லித்தான் கப்பலேற வேண்டியிருந்தது. பெண்கள் தம் சொந்தப் பெயரோடு, தாமே சுக்கான் பிடித்துச் செல்லும் நாள் வர எத்தனை காலம் ஆயிற்று!

எதிர்க்காற்றும் கொண்டை ஊசி வளைவும்

தாரிணி பெரிய கப்பலன்று. அதன் நீளம் சுமார் 17 மீட்டர். நம் வகுப்பறைகள் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் அவ்வளவுதான். அதன் பாய்மரம் 25 மீட்டர் உயரம். காற்று பக்கவாட்டில் தள்ளினாலும் படகு கவிழ்ந்துவிடாதபடி அடியில் ‘ஏரா’ எனப்படும் கனத்த பகுதி நீருக்குள் இறங்கியிருக்கும். உலகைச் சுற்றும்போது அதைச் செலுத்துவது காற்று ஒன்றே.

“காற்று எதிரே அடித்தால் படகு எப்படி முன்னே போகும்?” என்று நாங்கள் முதலில் கேட்டோம். இதற்கு விடை நம் மலைப்பாதையிலேயே இருக்கிறது. சேலத்திலிருந்து வரும் பேருந்து மலையில் நேராக ஏறுவதில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் இடமும் வலமுமாக வளைந்தே மேலே வருகிறது. பாய்மரப் படகும் அப்படித்தான். நேர் எதிர்க்காற்றில் அதனால் செல்ல முடியாது. ஆகவே காற்றுக்குச் சாய்வாகச் சிறிது தூரம் இடப்புறம், பின் பாயைத் திருப்பிச் சிறிது தூரம் வலப்புறம் என மாறி மாறிச் சென்று முன்னேறுகிறது. தூரம் கூடும், நேரம் கூடும், ஆயினும் போய்ச் சேரலாம். கடல் கற்பிக்கும் முதற் பாடம் இதுவே.

காற்றே இல்லாவிட்டாலோ நிலைமை இன்னும் கடினம். நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் காற்று ஓய்ந்து கிடக்கும் பகுதி ஒன்று உண்டு. அங்கே பாய் தொங்கிவிடும், படகு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும், வெயிலோ வாட்டும். புயலில் செய்வதற்கு வேலையாவது இருக்கும். காற்றில்லாத கடலில் பொறுத்திருப்பதே வேலை. தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களை எண்ணிப் பார்த்தால் இதை நாம் ஒருவாறு உணரலாம்.

காற்றின் போக்கை அறிந்து கலம் செலுத்துவது தமிழருக்குப் புதிதன்று. கரிகால் சோழனின் முன்னோர் காற்றை வசப்படுத்திக் கலம் ஓட்டியவர்கள் என்று புறநானூற்றில் புகழ்ந்து பாடியிருப்பவர் வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர். கடற்பயணத்தை ஒரு பெண் பாடிய தமிழில், ஒரு பெண் செய்த கடற்பயணத்தைப் பற்றி இன்று நாங்கள் எழுதுகிறோம்!

ஒரு நாள் கடலில்

கடற்பயணம் என்றதும் புயலும் சுறாமீனும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பெரும்பாலான நாட்கள் சிறு சிறு வேலைகளால் ஆனவை. பாயைச் சுருக்க வேண்டும், விரிக்க வேண்டும். கயிறுகள் தேய்ந்தனவா என்று பார்க்க வேண்டும். வானிலைச் செய்தியைக் கேட்டு வழியைக் குறிக்க வேண்டும். உப்பு நீரைக் குடிநீராக்கும் கருவியைக் கவனிக்க வேண்டும். சமைக்க வேண்டும், அதுவும் சாய்ந்து சாய்ந்து எழும் அடுப்பங்கரையில்! எது பழுதானாலும் தாமே சரி செய்ய வேண்டும்; கூப்பிட்ட குரலுக்கு வர அங்கே ஆள் இல்லை.

முற்காலத்தில் உணவே பெரும் எமனாக இருந்தது. பல மாதங்கள் பழமும் காய்கறியும் இல்லாமல் சென்ற மாலுமிகள் ஈறு வீங்கி, பல் உதிர்ந்து, ஸ்கர்வி என்னும் நோயால் மாண்டனர். 1747ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர் நோயுற்ற மாலுமிகள் பன்னிருவரை ஆராய்ந்தார். அவர்களுள் ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவர் விரைவில் தேறியதைக் கண்டார். நம் ஏற்காட்டில் விளையும் ஆரஞ்சுப் பழத்தின் அருமை இப்பொழுது புரிகிறதல்லவா?

எல்லாவற்றிலும் கடினமானது உறக்கம். இருவர் மட்டுமே உள்ள படகில் ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருந்தாக வேண்டும். எதிரே கப்பல் வருகிறதா, காற்று திசை மாறுகிறதா என்று பார்த்தவண்ணம் இருக்க வேண்டும். முறை மாறும்போது முன்னவர் எழுப்ப, பின்னவர் எழ வேண்டும். ஈர உடையும் குளிரும் ஆட்டமுமாக இருந்தாலும் சரியே. எட்டு மாதங்கள் ஒரு நாளும் இந்த முறை தப்பலாகாது. உறங்குகிறவர் தம் உயிரை விழித்திருப்பவர் கையில் ஒப்படைத்துவிட்டே கண்ணை மூடுகிறார். இதை எண்ணும்போது எங்களுக்கு மெய்சிலிர்க்கிறது.

அச்சமும் தனிமையும்

தெற்கே செல்லச் செல்லக் கடல் சீறுகிறது. உலக உருண்டையைச் சுழற்றிப் பாருங்கள். தென்கோளத்தில் 40ஆம் பாகைக்குக் கீழே காற்றைத் தடுக்க நிலம் மிகக் குறைவு. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே ஓயாமல் காற்று வீசுகிறது. அப்பகுதியை மாலுமிகள் ‘உறுமும் நாற்பதுகள்’ என்றும், அதற்கும் தெற்கே ‘சீறும் ஐம்பதுகள்’ என்றும் அழைக்கின்றனர். தாரிணியை 50 நாட் வேகக் காற்றும் 7 மீட்டர் உயர அலைகளும் தாக்கின. 50 நாட் என்பது மணிக்கு 90 கிலோமீட்டருக்கும் மேல். 7 மீட்டர் என்பது மாடிவீட்டு உயரம். தென் அமெரிக்காவின் கோடியில் 56ஆம் பாகையில் உள்ள ஹார்ன் முனையைச் சுற்றிவருவது மாலுமிகளுக்குப் பெரும் சோதனை. அதை அவர்கள் 2025 பிப்ரவரி மத்தியில் கடந்தனர்.

அச்சத்தைவிட ஆழமானது தனிமை. 2025 ஜனவரி 30ஆம் நாள் தாரிணி ‘நெமோ புள்ளி’ என்னும் இடத்தைக் கடந்தது. பசிபிக் பெருங்கடலின் தென்பகுதியில் உள்ள இவ்விடமே உலகில் நிலத்திலிருந்து மிகத் தொலைவான இடம். எத்திசையில் சென்றாலும் மிக அருகிலுள்ள தீவு 2,688 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ‘நெமோ’ என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘எவரும் இல்லை’ என்பது பொருள். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவருகிறது. ஆகையால் அது தலைக்கு மேலே கடக்கும் வேளையில் விண்வெளி வீரர்களே அண்டை வீட்டாராகிவிடுகின்றனர்! அங்கும் அவர்கள் சோம்பியிருக்கவில்லை; நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் அவ்விடத்திலும் கலந்துள்ளனவா என்று விஞ்ஞானிகள் ஆராய்வதற்காகக் கடல்நீரைச் சேகரித்தனர்.

தனிமையில் வானமே துணை. ஆனால் வானமும் மாறிவிடுகிறது. ஏற்காட்டில் இரவு வடக்கே பார்த்தால் துருவ விண்மீன் அடிவானுக்கு மேல் சுமார் 12 பாகை உயரத்தில் தெரியும். கையை நீட்டி முட்டியை மடக்கினால், அந்த முட்டியின் அகலத்தைவிடச் சற்றே கூடுதல் உயரம். தெற்கே போகப் போக அது தாழ்ந்துகொண்டே வந்து, நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் மறைந்துபோகிறது. பிறந்ததிலிருந்து பார்த்த விண்மீன் இல்லாமற்போவது எப்படி இருக்கும்! ஆனால் அதே வேளையில் தெற்கு வானில் நான்கு விண்மீன்கள் கொண்ட தென்சிலுவை உயர்ந்து எழுகிறது. ஒன்றை இழந்தவருக்கு மற்றொன்று கிடைக்கிறது. ஏப்ரல், மே மாத இரவுகளில் நம் மலையிலிருந்தும் தெற்கே தாழ்வாக இச்சிலுவையைக் காணலாம்.

இருமுறை வந்த ஒரு நாள்

வியப்பான செய்தி ஒன்று. கிழக்கு நோக்கிச் செல்பவர் ஒவ்வொரு 15 பாகைக்கும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிக்கொண்டு போகிறார். 360 பாகைக்கு 24 மணி, அதாவது ஒரு முழு நாள் கூடிவிடும். அதைச் சரிக்கட்ட, பசிபிக் கடலில் உள்ள நாள்கோட்டைக் கடக்கும்போது ஒரு தேதியை இருமுறை எண்ண வேண்டும்.

மேற்கு நோக்கிச் சென்றால் ஒரு நாள் குறையும். முதன்முதலில் உலகைச் சுற்றிய கப்பல் இதை அறியாமல் தவித்தது. மெகல்லன் 1519இல் 5 கப்பல்களோடும் இருநூறுக்கும் மேற்பட்டவர்களோடும் புறப்பட்டார். அவர் வழியிலேயே இறந்தார். 1522 செப்டம்பரில் ‘விக்டோரியா’ என்ற ஒரே கப்பலில் எல்கானோ தலைமையில் 18 பேரே ஸ்பெயின் திரும்பினர். தாங்கள் புதன் என்று எண்ணிய நாள் கரையில் வியாழனாக இருந்ததை வழியில் அறிந்து திகைத்தனர். தவறான நாட்களில் திருநாட்களைக் கொண்டாடிவிட்டோமே என்று வருந்தினர். செவில் நகரை அடைந்ததும் கையில் மெழுகுவர்த்தி ஏந்தி, வெறுங்காலோடு மாதா கோயிலுக்கு நடந்து சென்று நன்றி செலுத்தினர். புயலில் வேண்டிக்கொண்டதைக் கரை சேர்ந்தபின் மறந்துவிடுவோர் பலர். அவர்கள் மறக்கவில்லை.

யார் எனக்கு அயலான்?

தனியொருவராகவே உலகைச் சுற்றுவோரும் உள்ளனர். நம் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமி 2013இல் எங்கும் நிற்காமல் தனியே உலகைச் சுற்றி முடித்த முதல் இந்தியர். ரூபாவுக்கும் தில்னாவுக்கும் பயிற்சி அளித்தவரும் இவரே. 2018ஆம் ஆண்டு ‘கோல்டன் குளோப்’ என்னும் படகுப் போட்டியில் சென்றபோது, செப்டம்பர் 21ஆம் நாள் இந்தியப் பெருங்கடலின் தெற்கே இவருடைய படகு புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்தது. இவருக்கோ முதுகெலும்பில் அடி; எழுந்து நடக்க முடியவில்லை. அதே புயலில் தம் படகின் பாய்மரத்தையும் இழந்த அயர்லாந்து வீரர் கிரெகர் மக்கின், கிடைத்ததைக் கட்டி நிறுத்திப் பாய் விரித்து, இவர் இருந்த திசை நோக்கி வரலானார். மூன்று நாட்களுக்குப் பின் ‘ஓசிரிஸ்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் டோமியைக் காப்பாற்றியது.

அதே போட்டி 2022இல் மீண்டும் நடந்தது. தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நொய்ஷேபர் போட்டியில் விரைந்துகொண்டிருந்தபோது, பின்லாந்து வீரர் ஒருவரின் படகு மூழ்கிய செய்தி கிடைத்தது. அவர் தம் வழியை விட்டுத் திரும்பிச் சென்று, உயிர்காக்கும் மிதவையில் ஒரு நாள் முழுதும் தவித்தவரை மீட்டு, ஒரு கப்பலில் ஏற்றிவிட்டு, மீண்டும் போட்டியைத் தொடர்ந்தார். 2023 ஏப்ரலில் முதல் பரிசும் அவருக்கே கிடைத்தது. இரண்டாம் இடம் யாருக்கு? முன்பு முதுகொடிந்து கிடந்த அபிலாஷ் டோமிக்கு! நல்ல சமாரியர் உவமையை மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். கடலில் அது இன்றும் நடக்கிறது.

படகில் உறங்கிய ஆண்டவர்

கடல் கடந்து வந்தவர்களால் நம் திருச்சபையும் வளர்ந்தது. புனித சவேரியார் 1541 ஏப்ரல் 7ஆம் நாள் லிஸ்பனில் கப்பலேறி, 13 மாதங்கள் கழித்து 1542 மே 6ஆம் நாள்தான் கோவா வந்து சேர்ந்தார். தாரிணி புறப்பட்டதும் திரும்பியதும் அதே கோவாவில்தான். ஏற்காட்டிலும் பணியாற்றுகின்ற குளுனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் முதன்முதலில் புதுச்சேரியில் வந்திறங்கிய ஆண்டு 1827. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதோ 1869இல். ஆகவே அவர்கள் பாய்க்கப்பலில் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். புதுச்சேரிப் பெண் ரூபா கடந்த அதே நன்னம்பிக்கை முனையை, அப்புதுச்சேரிக்கு வந்த கன்னியரும் கடந்தனர். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்திராதா? இரவில் கண்ணீர் வடித்திருக்கமாட்டார்களா? ஆயினும் வந்தார்கள்.

நற்செய்தியிலும் ஒரு புயல் வருகிறது. அலைகள் படகினுள் மோதுகின்றன, சீடர்கள் அலறுகிறார்கள், இயேசுவோ படகின் பின்புறம் உறங்கிக்கொண்டிருக்கிறார். தந்தை விழித்திருக்கிறார் என்று அறிந்ததனாலேயே அவரால் உறங்க முடிந்தது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பின்னொரு நாள் கெத்சமனித் தோட்டத்தில் அவர் விழித்திருந்து, சீடர்களையும் தம்மோடு ஒரு மணி நேரம் விழித்திருக்கும்படி கேட்டார். அவர்களோ உறங்கிவிட்டார்கள். நம் முறை வரும்போது நாம் விழித்திருப்போமா என்பதே கேள்வி.

முடிவுரை

நெடுங்கடற் பயணம் பற்றி அறியப் புகுந்த நாங்கள், வீரம் என்றால் அஞ்சாமை என்று எண்ணித் தொடங்கினோம். இப்பொழுது அப்படி எண்ணவில்லை. நள்ளிரவில் குளிரில் எழுந்து தன் முறைக்கு நிற்பதும், மற்றவர் உறங்குவதற்காகத் தான் விழித்திருப்பதுமே வீரம். அது நாளும் செய்யும் சிறு கடமை. அதைப் பழக நெமோ புள்ளிக்குப் போக வேண்டுவதில்லை.

நாங்கள் ஐந்தாம் வகுப்பில் இவ்விடுதிக்கு வந்த முதல் இரவு இன்னும் நினைவிருக்கிறது. சன்னலுக்கு வெளியே மூடுபனி. கீழே எங்கோ சேலம். அதற்கும் அப்பால் வீடு. அழுதுகொண்டே உறங்கிப்போனோம். நடுவில் விழித்தபோது, கைவிளக்குடன் ஒரு சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துப் போர்வையைச் சரிசெய்துகொண்டு போனார்கள். வீட்டிலும் அன்றிரவு அம்மாவும் அப்பாவும் உறங்கவில்லை என்று பின்னால் அறிந்தோம். எங்களுக்காக எத்தனை பேர் விழித்திருந்தார்கள்!

தேர்வு முடிந்ததும் நாங்கள் மலையிறங்கிவிடுவோம். இந்த ஆண்டு விடுதிக்கு வந்த சிறுமிகள் இருவர் இன்னும் சில இரவுகளில் விசும்புகிறார்கள். நாங்கள் நால்வரும் ஒரு முறை வகுத்துக்கொண்டோம்: படிப்பு முடிந்து படுக்கப் போகுமுன் ஒருத்தி சென்று, அவர்கள் உறங்கும்வரை அருகில் அமர்ந்திருக்க வேண்டும். அன்று ஏரியில் அழுத தோழிதான் முதல் முறையை ஏற்றாள். மூடுபனியில் எங்களுக்கு ஊதிய விசிலை நாங்களும் யாருக்காவது ஊத வேண்டுமல்லவா?

கடலின் விண்மீனாம் அன்னை மரியே, கடலில் செல்வோரையும் மலையில் பயில்வோரையும் காத்தருளும்!